கடைசிப் பாய்

மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் கோயிலில் திருவிருந்து உண்டு. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க, வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள் எல்லாரும் வரிசையாக எழுந்து முன்னால் போவோம். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையை எங்கே விடுவார்கள் என்றால், கடைசிப் பாயில் சுவரோடு ஒட்டி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், அவள் மடியில் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரே நேரத்தில் நாலு பிள்ளைகூட அவளிடம் இருக்கும். ஒன்று மடியில் கிடக்கும். ஒன்று தோளில். ஒன்று அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருக்கும். ஒன்று அவள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எல்லாரும் வாங்கித் திரும்பி வந்து அவரவர் பிள்ளையை எடுத்துக்கொள்கிற வரைக்கும் அவள் அசைய மாட்டாள். அதற்குப் பிறகும் எழுந்திருக்க மாட்டாள். ஏழு வருஷம் அவள் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் யாராவது விசாரித்தால், "அவ என்னமோ பாவம் செஞ்சவ" என்று சொல்லுவார்கள். என்ன பாவம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொன்னதில்லை.

எங்கள் ஊர் ஆழ்வார்குறிச்சிக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டி இருக்கிற சின்ன ஊர். நாற்பது வீடு இருக்கும். எல்லாரும் ரெண்டு மூணு தலைமுறைக்கு முன்னால் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர்கள். கோயிலில் தொங்குகிற மணி என் மாமனார் வாங்கிக் கொடுத்தது. அதை நான் அந்தக் காலத்தில் மணி அடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஞாபகப்படுத்துவேன். அவளுக்கு மணியும் இல்லை, வயலும் இல்லை. புருஷன் சின்ன வயசிலேயே போய்விட்டான். பிள்ளை கிடையாது. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஓட்டுச் சாய்ப்பு ஒன்றில் இருந்துகொண்டு பீடி சுற்றிப் பிழைத்தாள். என்னைவிட ஏழெட்டு வயசு இளையவள். என்னை மைனி என்று கூப்பிடுவாள். முறை ஒன்றும் கிடையாது, ஊர் முறைதான்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவள் நடையைத்தான் சொல்ல வேண்டும். சாயங்காலம் பீடியைக் கம்பெனியில் போட்டுவிட்டு வருவாள். முகம் கழுவுவாள். பிறகு யார் வீட்டுக்காவது நடப்பாள். எதற்கு? அன்றைக்கு என்ன தப்புச் செய்தாளோ அதை அந்த வீட்டில் போய்ச் சொல்லுவதற்கு.

ஒருமுறை எதிர்வீட்டுக் கோழி அவள் வைக்கோலில் முட்டை இட்டுவிட்டது. அவள் அதை எடுத்துத் தின்றுவிட்டாள். மறுநாள் அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"உங்க கோழி எங்க வைக்கோல்ல முட்டை போட்டுச்சு. நான் எடுத்து அவிச்சுத் தின்னுட்டேன்."

"தெரியாம எடுத்திருப்ப. போ, போ."

"தெரிஞ்சுதான் எடுத்தேன். உங்க கோழி இறங்கிப் போறதப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"சரி, அதுக்கு இப்பம் என்னளா? ஒரு முட்டைக்கு ஊரைக் கூட்டுதியா?"

"நல்லமிளகு தூவித் தின்னேன்" என்று அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

எங்கள் வீட்டில் பீடி சுற்றுவதில்லை. சுற்ற வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை என்று சொல்லிக்கொள்வேன். ஆனாலும் மத்தியானம் பெண்கள் மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்து சுற்றும்போது நானும் போய் உட்காருவேன். பேச்சுக்குத்தான். பேச்சு என்றால் அடுத்தவர் வீட்டுப் பேச்சுத்தான். அவள் இருந்தால் அந்தப் பேச்சு ஓடாது. இலையை வெட்டிக்கொண்டே, "இதைப் பேசினா சாயங்காலம் நான் நடக்கணும்" என்பாள்.

"எங்கன நடக்கணும்?"

"அவ வீட்டுக்குத்தான். உன்னைப் பத்தி இப்படிப் பேசுனோம், நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன்னு சொல்லணும்லா?"

"உனக்குக் கால் வலிக்கும்னு நாங்க வாயைக் கட்டிக்கிட்டு இருக்கணுமாக்கும்" என்று ஒருத்தி சொல்லுவாள். ஆனாலும் பேச்சை நிறுத்திவிடுவாள். அவள் போய்ச் சொல்லிவிடுவாள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கோயிலில் எல்லாரும் முழங்கால் போட்டுப் பாவ அறிக்கை சொல்லுவோம். எனக்கு அது மனப்பாடம். சின்ன வயசில் மனப்பாடம் செய்தது. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகும். என் கண் யார் யார் புதுச் சேலை கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கும். அவள் மட்டும் ஒவ்வொரு வரிக்கும் நின்று நின்று சொல்லுவாள். எல்லாரும் ஆமென் சொல்லி முடித்த பிறகும் அவள் குரல் பின்னால் தனியாக வந்துகொண்டிருக்கும். ஆராதனை நடத்துகிற உபதேசியார் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"ஏளா, அப்படி என்னதான் செய்யுத நீ, இவ்வளவு நேரம் சொல்லதுக்கு?" என்று ஒருநாள் நானே கேட்டேன்.

அவள் அதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்று சொன்னாள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒரு ரிப்பனுக்காகத் தங்கச்சியைத் தள்ளிவிட்டாளாம். அது போய் அடுப்பில் விழுந்துவிட்டது. தங்கச்சிக்கு ஒரு பக்கக் கன்னம் முழுதும் வெந்துபோயிற்று.

"தங்கச்சி அன்னைக்கே மன்னிச்சிட்டா மைனி. ஆண்டவரும் மன்னிச்சிருப்பார். தழும்பு அப்படியேதானே இருக்கு. கிறிஸ்மஸுக்கு வருவா. கன்னத்துல முத்தம் குடுப்பேன். வழுவழுன்னு இருக்கும். தள்ளுறதுக்கு ஒரு நிமிசம்கூட ஆகல."

எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. நான் யாரையும் அடுப்பில் தள்ளியதில்லை. திருடியதில்லை. பொய் சொன்னதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி என் மகள் கல்யாண விஷயத்தைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகள் ஆரம்பத்தில் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வாத்தியார். மச்சுவீடு. மாப்பிள்ளை வீட்டார் போட்டோ அனுப்பியிருந்தார்கள். அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு நான் வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, காப்பி குடித்து, காட்டினேன். அவள் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. மறந்து போகவில்லை. அவள் வாசலில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். நான் வருகிறேன் என்று நினைத்துச் சொளவை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். நான் போட்டோவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அவள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனேன். பீடி சுற்றுகிறவளுக்கு வாத்தியார் மாப்பிள்ளையைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

பத்து நாளில் அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. பெண்ணுக்கு வலிப்பு உண்டாமே என்று சொல்லிவிட்டார்கள். உண்மைதான். என் மகளுக்குப் பன்னிரண்டு வயசு வரைக்கும் வலிப்பு வரும். பிறகு வரவில்லை. நாங்கள் அதைச் சொல்லாமல் இருந்தோம். யார் சொல்லியிருப்பார்கள் என்று நானும் வீட்டுக்காரரும் ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தோம். அவளை நினைக்கவே இல்லை. அவள் அடுத்தவர் பேச்சுப் பேசாதவள்.

ரெண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம். நான் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து படிக்கு வெளியே நின்றாள்.

"மைனி, ஒரு காரியம் சொல்லணும்."

"என்னத்தத் தின்னுட்ட?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "பாளையங்கோட்டை சம்பந்தம் நின்னது என்னாலதான்."

நான் சொளவைக் கீழே வைத்தேன்.

"மாப்பிள்ளைக்கு அத்தைன்னு ஒருத்தி பஸ் ஸ்டாப்புல வந்து இறங்கினா. எங்கிட்ட விசாரிச்சா. தங்கமான பிள்ளைன்னு சொன்னேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேட்டா. சின்னதுல வலிப்பு வரும்னு சொன்னேன்."

"கேட்டா சொல்லிருவியா?"

"கேட்டதுக்குச் சொன்னது பாவம் இல்ல மைனி. இல்லைன்னு பொய் சொல்ல எனக்கு வராது. ஆனா சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள்ள இனிச்சுச்சு. அவ முகம் மாறுச்சு. அதைப் பாத்ததும் இன்னும் ரெண்டு வார்த்தை கூட்டிச் சொன்னேன். எங்கன விழுந்துச்சு, எப்படி நுரை தள்ளுச்சுன்னு. அதுக்கு அவசியமே இல்ல. அந்த இனிப்புதான் பாவம். என்னை மன்னிச்சிருங்க."

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இந்த ஜென்மத்தில் தெரிந்திருக்காது. அந்தப் போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பேன். அவள் சொல்லவில்லை. தன் பங்கை மட்டும் சொல்லிவிட்டு நின்றாள்.

"எம் மக வாழ்க்கையைக் கெடுத்துட்டு, இனிச்சுச்சுன்னு வேற எங்கிட்டயே வந்து சொல்லுதியா?"

"ஆமா மைனி."

"மன்னிக்க மாட்டேன். ஆண்டவர் வேணும்னா மன்னிச்சுக்கிடட்டும். நான் மன்னிக்காம, நீ எப்படிப் போய் அப்பத்துக்குக் கையை நீட்டுதன்னு பாக்கேன்."

அதைச் சொன்னது நான்தான். கோபத்தில் வந்த வார்த்தை. நான் மறுநாளே மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. "சரி மைனி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எழுந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் ஒரு கைப்பிள்ளைக்காரி முதன்முதலாகத் தன் பிள்ளையை அவள் மடியில் போட்டாள்.

நான் வாங்கிவிட்டுத் திரும்பி வரும்போது அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லாத பார்வை. என்னுடைய ஒரு வார்த்தைக்கு ஒருத்தி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இனித்தது. இதை எழுத வெட்கமாயிருக்கிறது. அவளுக்கு இனித்தது பஸ் ஸ்டாப்பில் ஒரு நாள். எனக்கு மாதாமாதம் இனித்தது.

ஐயர் கேட்டாராம். எங்கள் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். அவருக்கு ஏழெட்டு ஊர் சபை. எங்கள் ஊருக்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஏனம்மா வாங்குவதில்லை என்று கேட்டதற்கு, "ஒரு வீட்ல ஒரு வார்த்தை பாக்கி இருக்கு ஐயா" என்றாளாம். எந்த வீடு என்று சொல்லவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், எங்கள் வாசலுக்கு வருவாள். கையில் ஒன்றும் கொண்டு வரமாட்டாள். கொண்டு வந்தால் அது லஞ்சம் மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

"இன்னும் இல்லையா மைனி?"

"இல்ல."

"சரி மைனி."

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் வீட்டுக்காரர் ஒருதரம், "என்னத்துக்கு வந்துட்டுப் போறா?" என்று கேட்டார். "சும்மாதான்" என்றேன். பொய் சொல்லாதவள் நான்.

மகளுக்கு ரெண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை மாஞ்சோலையில் தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர். எனக்கு அது இறக்கமாகத்தான் இருந்தது. இந்தத் தடவை மறைக்க முடியவில்லை, ஊரெல்லாம் தெரிந்துபோன விஷயம். வலிப்பை முதலிலேயே சொல்லிவிட்டோம். அந்தப் பையன், "வந்தா என்ன செய்யணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க அத்தை" என்று கேட்டான்.

மகள் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது வலிப்பு வந்தது. மலையில் மழை. பஸ் ஓடவில்லை. மாப்பிள்ளை அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு வரும்படி வாயைத் துடைத்து, எங்கிருந்தோ ஒரு ஜீப்பைப் பிடித்துக் கீழே கொண்டு வந்து சேர்த்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். "வீட்டுக்காரருக்கு முன்னாலயே தெரிஞ்சிருந்தது நல்லதாப் போச்சு" என்று டாக்டரம்மா சொன்னது என் காதில் விழுந்தது. வாத்தியார் மாப்பிள்ளைக்கு அது தெரிந்திருக்காது. நான் மறைத்திருப்பேன்.

அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு முன்னால் அவள் வந்து நின்றாள்.

"பிள்ளை நல்லாயிருக்காமே மைனி."

"நீ சொன்னதுனாலதான் எல்லாம் நல்லதாப் போச்சுன்னு சொல்ல வந்தியாக்கும்?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "அது ஆண்டவர் செஞ்சது மைனி. நான் செஞ்சது வேற."

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம் ஒன்றுமே மிச்சமில்லை. மகள் நன்றாக இருக்கிறாள். மாப்பிள்ளை தங்கம். ஆனாலும் மன்னித்துவிட்டால் அடுத்த மாதம் அவளும் எழுந்து வரிசையில் என் பக்கத்தில் வந்து நிற்பாள். கடைசிப் பாயில் யாரும் இருக்க மாட்டார்கள். அது எனக்கு வேண்டாமாயிருந்தது.

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது மகள் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். அது திருவிருந்து ஞாயிறு. மகளுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாரையும்போல அவளும் போய்ப் பிள்ளையை அந்த மடியில் போட்டுவிட்டு வரிசையில் வந்து நின்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என் பேத்தியை மார்போடு அணைத்து, அதன் உச்சியில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருந்தாள்.

நான் வரிசையை விட்டு இறங்கி நடந்தேன். "பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு, கொண்டா" என்றேன். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் உடனே நீட்டிவிட்டாள். ஆனால் பிள்ளை அவள் முந்தானையைக் கைக்குள் வைத்து இறுக்கியிருந்தது. நான் குனிந்து அந்தச் சின்ன விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நாலாவது விரலைப் பிரிக்கும்போது அவள் பைய, "விட்டுரு கண்ணு, ஆச்சி கூப்பிடுதாங்க" என்று பிள்ளையிடம் சொன்னாள். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய், முழங்கால் போட்டு, அப்பம் வாங்கித் தின்றேன்.

ஏழாவது வருஷம் அவளுக்கு நெஞ்சில் நோய் வந்தது. புகையிலைத் தூள் போன நெஞ்சு. தம்பி பெண்டாட்டி வந்திருந்து பார்த்துக்கொண்டாள். டவுணில் ஆஸ்பத்திரியில் காட்டி, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். படுத்திருக்கிறவர்களுக்கு ஐயர் வீட்டிலேயே வந்து திருவிருந்து கொடுப்பது உண்டு. அப்போது புதிதாக ஒரு ஐயர் வந்திருந்தார். சின்ன வயசு. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போய்விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தச் சின்ன வெள்ளிக் கிண்ணம் இருக்கிற பை.

"அம்மா, அவங்க வாங்க மாட்டேங்காங்க. மைனி ஒரு வார்த்தை சொல்லாம வாங்கக் கூடாதுன்னு சொல்லுதாங்க."

"உங்ககிட்ட என்னெல்லாம் சொன்னா?"

"அவங்க செஞ்சதைச் சொன்னாங்க. உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

எனக்கு முகம் சுட்டது. "போகாம என்ன ஐயா. நாளைக்குக் காலையில நீங்க வரும்போது நானும் கூட வாரேன். வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போடணும்."

"சேலை எதுக்கும்மா இப்பம்?"

"திருவிருந்துக்கு ஏனோதானோன்னு போனா நல்லாயிருக்காது."

"எனக்கு இன்னும் ரெண்டு ஊர் போகணும். காலையில வந்துருதேன். நீங்க சாயங்காலமே ஒரு நடை போய்ச் சொல்லிட்டு வந்துருங்க. நாலு வீடுதானே."

"சரி ஐயா" என்றேன்.

நான் போகவில்லை. சேலையை அலசி, கஞ்சி போட்டு, கொடியில் காயவைத்து, சுருக்கமில்லாமல் இழுத்து இழுத்து விட்டேன். அங்கேயிருந்து பார்த்தால் அவள் வாசல் தெரியும். தம்பி பெண்டாட்டி தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறாள், வருகிறாள். கொடிப் பக்கத்தில் நின்றுகொண்டு, நாளைக்கு ஐயர் முன்னால், பெண்கள் எல்லாரும் கூடியிருக்கும்போது அந்த வார்த்தையை எப்படிச் சொல்லுவது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். எல்லாரும் அழுவார்கள். அப்படியெல்லாம் நினைத்தேன். சொல்ல வேண்டியவளிடம் போகாமல் ஈரச் சேலையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையில் கரிப்பெட்டி போட்டுச் சேலையைத் தேய்த்தேன். ஐயர் வந்தார். கஞ்சிச் சேலை மொடமொடவென்று சத்தம் போட, அவருக்குப் பின்னால் நடந்தேன். நான் நினைத்ததுபோல வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். எனக்கு வழி விட்டார்கள்.

அவளுக்கு விடியற்காலையிலேயே தொண்டை அடைத்துப்போயிருந்தது. கண் திறந்திருந்தது. "நேத்து பொழுதுக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தா. யாரைத் தேடுதன்னு கேட்டா, மைனி வருவாங்கன்னு சொன்னா" என்று தம்பி பெண்டாட்டி சொன்னாள்.

நான் குனிந்து, "மன்னிச்சிட்டேன்ளா" என்றேன். அது அவளுக்கு மட்டும் கேட்கிற சத்தத்தில் வரவில்லை. வாசலில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற சத்தத்தில் வந்தது. அவள் கண் என் பக்கம் திரும்பியதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஐயர் ஒரு துணுக்கு அப்பத்தை ரசத்தில் தோய்த்து அவள் உதட்டில் வைத்தார். அது உள்ளே போகவில்லை. கடைவாயில் வழிந்தது. அவர் தன் கைவிரலால் அதைத் துடைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மத்தியானத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு வெள்ளைச் சேலை வேண்டும். அவள் டிரங்குப் பெட்டியில் ஒன்று இருந்தது, திருவிருந்துக்கென்று வைத்திருந்தது. வேப்பிலை போட்டு மடித்து வைத்திருந்தாள். ஏழு வருஷம் விரிக்காமல் மடிப்பெல்லாம் பழுத்து, எடுத்ததும் கிழிந்தது. நான் வீட்டுக்குப் போய் வேறு சேலை மாற்றிக்கொண்டு, கஞ்சி போட்ட அந்தச் சேலையைக் கொண்டு வந்து கொடுத்தேன். அதை உடுத்தித்தான் அவளை எடுத்தார்கள்.

"மைனிக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று ஒருத்தி சொன்னாள். நாலு பேர் ஆமா என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவும் எனக்கு இனித்தது. அவளைக் குழிக்குள் இறக்கும்போதுகூட.

ஐயரிடம் பிறகு ஒருநாள், அவள் வாங்காமலே போய்விட்டாளே என்று சொன்னேன். "அவங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா" என்றார். அவங்களுக்கு என்றுதான் சொன்னார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு வந்தது. எல்லாரும் எழுந்தோம். கைப்பிள்ளைக்காரிகள் வழக்கம்போலக் கடைசிப் பாய்க்குப் போய், அங்கே சுவரைப் பார்த்துவிட்டு நின்றார்கள். ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து, "பெரியம்மா, நீங்க கொஞ்சம் வச்சுக்கிடுதீங்களா?" என்று பிள்ளையை நீட்டினாள். வாங்கினால் நான் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்பார்கள்.

"நான் போகணும்ளா" என்று சொல்லிவிட்டு முன்னால் போனேன்.

அவள் ஏழு வருஷம் உட்கார்ந்தாள். எனக்கு ஒரு ஞாயிறு உட்காரத் தைரியம் வரவில்லை. அந்த மாதமும் போனேன். அடுத்த மாதமும் போனேன். இத்தனை வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இப்போது முட்டுவலி. பாயில் உட்கார முடியாது. கோயிலில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். பிடித்து எழுந்திருக்க வசதியாக, பின்னால் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கடைசிப் பாய் கிடந்த இடம்தான். திருவிருந்தை ஐயர் என் நாற்காலிக்கே கொண்டு வந்து தருவார். இந்த ஐயருக்கு அவளைத் தெரியாது. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. என் மகளுக்கும் இதில் ஒன்றும் தெரியாது. இதை வாசித்துத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன மாதம் ஐயர் தட்டோடு வந்து நின்றபோது, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா ஐயா" என்றேன்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை.